உருகாத ஐஸ்

மஞ்சக்குப்பம். மருந்துக்கடைக்கு மேல் மாடி.
இரவு பதினொன்றரை.
துறைமுகத்து ஐஸ் பேக்டரிக்காக
நான் எழுதிய பில் கிளாஸில்
நாற்பத்தொரு டெஸ்ட்.
நாற்பத்தொன்றும் பச்சை.

விசைப்படகுக் குப்புராசு போனில்:
"அறுபது பாரு ஏத்துனேன்மா.
அறுபதுக்கும் முழுக்காசு போட்டிருக்கு ஒங்க மிசினு.
தோணித்துறைக்கு வந்தப்ப
தேஞ்ச சோப்பு மாதிரி கெடக்கு பாதி.
தண்ணிக்குமா துட்டு?"

உருகியதைக் கழிக்க வேண்டும்.
ஒப்பந்தத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.
அதற்கென ஒரு மெத்தட்டும் இருக்கிறது.

'மொத்தம்' போய் 'எடை'யைக் கேட்கும்.
'எடை' போய் 'உருகல்' என்பதைக் கேட்கும்.
'உருகல்' கடிகாரத்தைப் பார்க்கும்:
கிடங்கை விட்டு எப்போது கிளம்பியது,
இப்போது மணி என்ன.
எல்லாம் ஒரே கிளாஸ்,
ஒரே சட்டிக்குள் மூன்று கரண்டி.

எனக்கோ மொத்தத்தை மட்டும் சோதித்தால் போதும்.
கடிகாரம் தொந்தரவு:
காலையில் ஒரு விடை, மாலையில் வேறு.
ஆகவே உருகலின் வாயைப் பொத்தினேன்.
யார் கேட்டாலும் சைபர் என்று சொல்.
சொன்னது.
கத்திரி வெயிலில்
கெடிலம் பாலத்தில் லாரி அச்சு முறிந்து
மூன்று மணி நேரம் நின்றாலும்
என் சோதனையில்
ஒரு சொட்டு உருகாது.
அப்படி ஒரு கடலூர் இருந்தால்
நாளைக்கே வாடகைக்கு வீடு பார்ப்பேன்.

போன வாரம் யாரோ
(நான்தான்)
எடைக்குள் நாலு வரியைச் சுத்தம் செய்தபோது
உருகலைக் கூப்பிடும் வரியும் போய்விட்டது.
ஒரு டெஸ்டும் அழவில்லை.
எப்படி அழும்?
சைபரைக் கழித்தாலும்
கழிக்க மறந்தாலும்
ஒரே விடை.
உருகலுக்குத் தனியாக வைத்திருந்த டெஸ்டும் பச்சை.
யாரும் கூப்பிடாத வீட்டில் உட்கார்ந்து
அது தன் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தது.

காலையில் அரியாங்குப்பத்துப் பஸ்ஸிலிருந்து இறங்கி
பிரிஜித் வந்தாள். திரையைப் பார்த்தாள்.
"ஒன் கையையே கட்டிப்போட்டுட்டு
ஒன் கையெழுத்து சரியான்னு பாத்திருக்க."
எனக்குக் கோபம்.
"அப்ப உருகல் உடைஞ்சா
மொத்தமும் சேர்ந்து சிவப்பாகும்.
எது உடைஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"
"ரெண்டும் சிவப்பாகட்டுமே.
ரெண்டுமேதான தப்பா சொல்லுது."
டீ ஆறியது. அரை மணி நேரம் சண்டை.
இரண்டு பழைய சண்டைகளும் நடுவில் வந்து போயின.

கடைசியில் கடிகாரத்தை மட்டும்
கிளாஸுக்கு வெளியே எடுத்தோம்.
அது நம்முடையதில்லை; அதற்குப் பொய் சொல்லித் தரலாம்.
இப்போது பகல் ஒரு மணி என்று சொல்,
இப்போது இரண்டேகால் என்று சொல்.
மற்ற மூவரும் தங்கள் வேலையைத் தாங்களே செய்யட்டும்.
ஓட்டினேன்.
பதினேழு சிவப்பு.
ராத்திரி முழுக்க வராத தூக்கம்
அப்போது வந்தது எனக்கு.

மதியம் பேக்டரிக்குப் போனேன்.
நைனா முகமது கணக்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
அடுத்த பில்லில் கழித்துவிடலாம் என்றார்.
உமி ஒட்டிய ஒரு பாரின் மேல்
உள்ளங்கையை வைத்தேன்.
சும்மாதான்.
எடுத்தபோது விரல்களோடு ஒரு பள்ளம்.
பக்கத்தில் மீன்கூடை கழுவுகிற தண்ணீரோடு
அதன் எடை கொஞ்சம்
சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பண்ருட்டியிலிருந்து அக்கா போன்.
தினமும் இதே நேரம், இதே கேள்வி:
"எல்லாம் சரிதான?"
அவள் கேட்டு முடிப்பதற்கு முன்பே
சரி என்று சொல்லிப் பழகிய வாய்.
மூன்று வருஷமாக ஒருமுறையும் தவறியதில்லை.
கை ஈரம், போன் வழுக்கியது.
"இருக்கா," என்றேன்.
"பாத்துட்டுச் சொல்றேன்."